தொரசாணிக்குப் போட்ட வளை

சாயங்காலச் சங்கு ஊதி, தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுட்டு நாங்க லைன் வீடுகளுக்கு இறங்குற நேரம் பாத்துப் பங்களா மாடியில தொரசாணி நடக்க ஆரம்பிச்சிருவா. செத்த பொம்பளைன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காக யாரு நின்னு பாத்துக்கிட்டிருப்பா, வீட்டுல உலை வைக்கணும், விறகு ஈரமாக் கிடக்கும், குழாயில தண்ணி நின்னுபோனா அப்புறம் விடிஞ்சுதான். தரையைக் கூட்டுற மாதிரி ஒரு சாம்பல் நிறக் கவுனு போட்டுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, பிள்ளைத்தாய்ச்சி வயித்துக்கு அடியில ரெண்டு கையையும் கோத்துத் தாங்கிக்கிட்டு, மாடி வராந்தாவுல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கும், அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்குமா நடப்பா, நடப்பா, நடந்துக்கிட்டே இருப்பா, இருட்டு கட்டினதும் காணாமப் போயிருவா. நான் பொறந்ததுல இருந்து பாத்தேன், என்னைப் பெத்தவளும் பாத்தா, அந்த வயிறு ஏழு மாசத்துக்கு மேல ஒரு நாள்கூட ஏறினதில்லை.

எம் பேரு செண்பகம். இந்த எஸ்டேட்டுலயே பொறந்து, இங்கயே கொழுந்து எடுத்து, இங்கயே பிள்ளை பெத்தவ. வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல நீளமான வாய்தான் வேணும்.

அந்தப் பங்களா இந்த மலைக் கல்லுல கட்டினதில்லை. தோட்டத்தை உண்டாக்கின வெள்ளைக்காரத் தொரைக்குச் சீமையில ஏதோ ஒரு பட்டிக்காட்டுல பரம்பரையா இருந்த பெரிய வீடாம். குதிரை லாயம், மரத்தடி குளம், வேலைக்காரங்க ஏறி இறங்கத் தனிப் படிக்கட்டுன்னு அம்புட்டும் இருந்த வீடு கூரை விழுந்து பாழாப்போகவும், இவரு தேயிலையில காசு பாத்ததும், மனசு கேக்காம அதைக் கல்லுக்குக் கல்லு நம்பர் போட்டுப் பிரிச்சு, கப்பல்ல ஏத்தி, தூத்துக்குடியில இறக்கி, மாட்டு வண்டியிலயும் எங்க ஆளுங்க தலையிலயுமா இங்க கொண்டுவந்து மறுபடியும் அதே மாதிரி அடுக்கிட்டாரு. மனையைப் பேத்துக் கொண்டுவந்தா மனையில குடியிருந்தவங்களும் கூட வரத்தானே செய்வாங்க. மழை மேகம் இறங்கின சாயங்காலங்கள்ல பங்களா ரோட்டுல ஆள் இல்லாத குதிரை ஒண்ணு லாடச் சத்தத்தோட போகும், நாங்க கூடையோட ஓரமா ஒதுங்கி வழி விட்டு, அது போன பிறகு ரோட்டைத் தாண்டுவோம். கீழ ஹால்ல யாரும் அடிக்காம மணி அடிக்கும், பட்லர் சவரிமுத்து ‘இந்தா வாரேன்’னு குரல் குடுத்துட்டு உக்காந்த இடத்துலயே வெங்காயம் உரிப்பாரு.

தொரசாணி கதை மட்டும் லைனுக்கு ஒண்ணு. மாமியாக்காரி மாடிப்படியில தள்ளிவிட்டான்னு மேல் லைன்ல சொல்லுவாங்க. புருஷன் சந்தேகப்பட்டு நிறைசூலியைச் சுவத்துக்குள்ள வச்சுப் பூசிட்டான்னு கீழ் லைன்ல சொல்லுவாங்க. பட்லரு கதையில அவ குளத்துல விழுவா, குதிரை தனியாத் திரும்பி வரும். எந்தக் கதையைக் கேட்டாலும் ஒரு சேதி மாத்திரம் மாறாது, அவளை அழைச்சுட்டுப் போக அவ பொறந்த வீட்டுல இருந்து யாரும் வரலை.

இப்ப இருக்கிற மேனேஜரும் எங்களுக்குத் தொரைதான். கறுப்போ வெளுப்போ, அந்த நாற்காலியில உக்காந்தா தொரை. மெட்ராஸ்ல இருந்து வந்த புதுசுல தொரசாணியைப் பாத்து மயங்கி விழுந்தாரு, பட்லர் தண்ணி தெளிச்சு எழுப்பினாரு, எழுந்தவரு அடுத்த மாசமே பங்களாவை விருந்தாளிங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பிச்சிட்டாரு. எங்கெங்க இருந்தோ காரு போட்டு வருவாங்க, சாயங்காலம் புல்தரையில நாற்காலி போட்டு உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே அண்ணாந்து பாப்பாங்க, படம் புடிப்பாங்க, படத்துல வெறும் வராந்தாதான் விழும். பிழைக்கத் தெரிஞ்ச மனுஷன்னு நாங்களும் சிரிச்சுக்கிட்டோம்.

அந்த வராந்தாவைக் கூட்டித் துடைக்கிறவதான் வெள்ளத்தாயி. எனக்குப் பக்கத்து வீடு, சின்ன வயசுல இருந்து என்னை மதினின்னு கூப்பிடுறவ. புருஷன் கேரளாவுக்கு மரம் அறுக்கப் போனவன் திரும்பலை. தாலி இவ கழுத்துல கிடக்கு, ஆளு எங்க கிடக்கானோ. ஒத்தப் பொண்ணு தமயந்தி. அதைத் தேயிலை ஃபேக்டரியில வேலை பாக்குற பால்பாண்டிக்குக் கட்டிக் குடுத்தா, தங்கமான பையன், காதுக்கு மேல ஊசி குத்தின மாதிரி சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும், அவங்க வம்சத்துக்கே அந்த ஓட்டை உண்டு, அதிர்ஷ்டம்னு சொல்லிக்குவாங்க. என்ன அதிர்ஷ்டமோ, தமயந்திக்கு ரெண்டு தடவை தங்கி ரெண்டு தடவையும் ஏழாம் மாசத்துல கலைஞ்சு போச்சு. மூணாவது உண்டானதும் வெள்ளத்தாயி சம்பந்தி வீட்டுல சொல்லிட்டு மூணாம் மாசத்துலயே மகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணிக் குடம் தூக்க விடாம, படி ஏற விடாம, கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தா. “இதுவும் போச்சுன்னா எம் மக பைத்தியமாயிருவா மதினி, நானும் இருக்க மாட்டேன்”னு ஒரு நாள் கொழுந்துக் காட்டுக்கே வந்து என் கையைப் புடிச்சு அழுதா. அவ அழுது நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்லை.

அன்னைக்குக் காட்டுல இருந்த பொம்பளைங்க எல்லாம் சேந்து யோசனை பண்ணினதுதான் இம்புட்டுக்கும் காரணம். மசக்கைக்காரி ஆசைப்பட்டுப் பாக்கிறப்ப அவளுக்குக் குடுக்காமத் தின்னா தின்னவ வயித்துல தங்காதுன்னு எங்க பக்கம் சொல்லுவோம். மேல ஒருத்தி, காலங்காலமா ஏழு மாசத்தைச் சுமந்துக்கிட்டு, வளையும் போடாம, வாய்க்கு ருசியாச் சோறும் போடாம, கீழ நடக்கிற ஒவ்வொரு வளைகாப்பையும் பாத்துக்கிட்டே நடக்கிறாளே, அந்த ஏக்கம் சும்மா விடுமா, அதுவும் தமயந்தி அம்மா தினமும் அவ காலடியில கூட்டிப் பெருக்கிட்டு அந்த ஏக்கத்தை முந்தானையில ஒட்டவச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறாளேன்னு பேச்சு வந்துச்சு. தமயந்திக்கு வளை போடுற அன்னைக்கே அவளுக்கும் ரெண்டு வளையைப் போட்டு, கலந்த சோறு வச்சு, வயிறு குளிர வச்சிட்டா விட்டுருவான்னு முடிவாச்சு. பேய்க்கு வளைகாப்பா, ஊரு சிரிக்கும்டின்னு நான் சொல்லிப் பாத்தேன். வயித்துல பிள்ளை தங்காதவளுக்கு ஊரு சிரிச்சா என்ன, அழுதா என்னன்னு வெள்ளத்தாயி கேட்டா.

காலையில தமயந்திக்கு வளைகாப்பு அவ அம்மா வீட்டுலயே நடந்துச்சு. அசையக் கூடாத உடம்புன்னு எஸ்டேட் நர்சம்மா சொல்லியிருந்ததால மாமியார் வீட்டுக்காரங்களே இங்க வந்து, மணையில உக்கார வச்சு, சந்தனம் பூசி, வளை அடுக்கி, ஆரத்தி எடுத்துட்டுப் போனாங்க. சாயங்காலம் நாங்க தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு, புளிச்சோறு எலுமிச்சைச் சோறு தேங்காய்ச் சோறு தயிர்ச்சோறுன்னு தூக்குவாளிகளோட பங்களா மாடிக்கு ஏறினோம். அவ எங்களை மாதிரி சர்ச்சுக்குப் போற வேதக்காரி, குங்குமம் எல்லாம் வைக்கக் கூடாதுன்னு பட்லரு வழி மறிச்சாரு. உம்ம சம்சாரம் ஞானப்பூவுக்கு வளைகாப்புப் போட்டது யாரு, உம்ம சாமியாரான்னு கேட்டேன், மனுஷன் விலகி நின்னு கூடவே வேடிக்கை பாத்தாரு.

தொரசாணி நடந்து வந்தா. வெள்ளத்தாயி மணைப்பலகையை அவ வழியில போட்டு, “உக்காரும்மா”ன்னு சொல்ல, அவ நின்னா. பங்களா வந்த நாள்ல இருந்து நிக்காத கால் அன்னைக்கு நின்னுச்சு, நின்னது மெதுவாக் குனிஞ்சு உக்காந்துச்சு, மாடி முழுக்க ஒரு குளிரு பரவிச்சு. முதல்ல போட்ட கண்ணாடி வளை கை வழியா நழுவித் தரையில விழுந்து உடைஞ்சுச்சு. அபசகுனம்னு எழுந்திருக்கப் போனவங்களை வெள்ளத்தாயி கையமர்த்தினா. வேப்பங்கொழுந்தைக் காப்பா முறுக்கி அந்தக் கையில மாட்டினா, அது நின்னுச்சு, அதுக்கு மேல போட்ட கண்ணாடி வளையும் நின்னுச்சு. பச்சையும் சிவப்புமா ரெண்டு கையும் நிறைய அடுக்கினோம், கன்னத்துல சந்தனம் பூசினோம், ஒவ்வொரு சோத்துலயும் ஒரு உருண்டை வச்சோம். குனிஞ்ச தலை நிமிரலை. ஆனா கவுனு மேல சொட்டு சொட்டாத் தண்ணி விழுந்துச்சு, பேயின்னா என்ன, அழுற பிள்ளைத்தாய்ச்சிதானேன்னு ஆளுக்கொரு உருண்டை கூட வச்சோம்.

அந்த நேரத்துலதான் வெள்ளத்தாயி அதைச் சொன்னா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. ஆரத்தி சுத்தி முடிச்சதும் பெத்தவ பொண்ணு கையைப் புடிச்சு, இன்ன வார்த்தை சொல்லித்தான் மணையில இருந்து எழுப்பணும், பொறந்த வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும், அது காலங்காலமா வாற வழக்கம், எத்தனை வளைகாப்புல கேட்ட வார்த்தை, வாய் தன்னாலச் சொல்லிரும். வளையடுக்கின அந்தக் குளிர்ந்த கையைப் புடிச்சு அவ சொன்னா: “வாம்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்.”

தொரசாணி தலையை நிமித்தினா. நாங்க யாரும் பாத்திராத முகம்; இருபது வயசு இருக்கும், மூக்கு மேல புள்ளி புள்ளியா மச்சம், பயந்த பிள்ளை. எழுந்து, வெள்ளத்தாயி முந்தானை நுனியைப் புடிச்சுக்கிட்டு, சீமையில எத்தனை தலைமுறை, இங்க எத்தனை தலைமுறை இறங்காத அந்தப் படியில வளை குலுங்க இறங்கி, புல்தரையில டீ குடிச்சுக்கிட்டிருந்த விருந்தாளிங்க நடுவுல புகுந்து, பங்களா ரோட்டைத் தாண்டி, தேயிலைக்கு ஊடால, எங்க லைன்ல வந்து வெள்ளத்தாயி வீட்டு அடுப்படியில உக்காந்துக்கிட்டா.

என்ன செய்ய முடியும்? வந்த பிள்ளைத்தாய்ச்சியை வாசல்ல இருந்து திருப்பி அனுப்பினா ஏழு தலைமுறைக்கு ஆகாது. ரெண்டு நாள் எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தோம், மூணாம் நாள் பழகிப்போச்சு. மேல் லைன்காரங்க முட்டை குடுத்து விட்டாங்க, கீழ் லைன்காரங்க கருவாடு குடுத்து விட்டாங்க. ரேஷன் கடைக்காரன் அரிசியைக் கொஞ்சம் தாராளமா அளந்தான். அடுப்பு மட்டும் பத்தவே பத்தாது, அவ பக்கத்துல கங்கு வச்சா கரியாயிரும், அதனால அந்த வீட்டுக்கு என் வீட்டுல இருந்துதான் சோறு வெந்து போகும். பட்லரு வந்து அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாரு, அவ வாயைத் திறக்கலை.

திறந்தது திங்கிறதுக்குத்தான். ஆத்தாடி, என்ன பசி அது. பானைச் சோறு போதாது, பக்கத்து வீட்டுப் பானையும் போதாது, தின்னத் தின்ன அவ கன்னத்துல ரத்தம் ஊறினுச்சு, வயிறு ஏறினுச்சு, ஏழு எட்டாச்சு, எட்டு ஒம்பதாச்சு, அத்தனை காலமா நின்னு கிடந்த மாசம் எல்லாம் ஓடிவந்து அடைஞ்ச மாதிரி. தமயந்தி வயிறு வளைகாப்பு அன்னைக்கு இருந்த அளவுலயே நின்னுபோச்சு. அவ விரல் நுனி குளிர ஆரம்பிச்சுச்சு. வேர்க்குதும்மான்னு கதவைத் திறந்து வைக்கச் சொல்லுவா, வெளியில மழை அடிச்சுக்கிட்டிருக்கும். சாயங்காலச் சங்கு ஊதினா எழுந்து, அந்த ஒத்தை அறையில இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்குமா நடப்பா. இடுப்பு வலிக்குதும்மா, கொஞ்சம் நடந்தாத் தேவலைன்னு சொல்லுவா. அவ நடக்கிறதை நான் என் வாசல்ல நின்னு பாத்தேன்.

அங்க பங்களாவும் சரியில்லை. சுவத்துக் கல்லெல்லாம் தண்ணி விட்டுச்சு. மணி விடாம அடிச்சுச்சு, பட்லரு காதுல பஞ்சு வச்சுக்கிட்டாரு. அந்தக் குதிரை ரோட்டை விட்டு இறங்கி, தினம் சாயங்காலம் வெள்ளத்தாயி வீட்டு வாசலுக்கு வந்து நின்னு மூச்சு விடும், கதவுல ஈரம் படியும். விருந்தாளிங்க வரத்து நின்னுபோனதும் தொரையே குடையைப் புடிச்சுக்கிட்டு லைனுக்கு வந்து, அந்த அம்மாவைக் கொஞ்சம் அனுப்பி வையுங்கன்னு கெஞ்சினாரு. மாடியில யாரும் இல்லாம அந்த வீடு தூங்கவே மாட்டேங்குதுன்னு சொன்னாரு. அப்ப அதைக் கேட்டுச் சிரிச்சோம்.

ஒரே கூரைக்கு அடியில ரெண்டு பிள்ளைத்தாய்ச்சி இருந்தா ஒண்ணுதான் நிலைக்கும்னு தெரியாத பொம்பளை எங்க லைன்ல கிடையாது. வெள்ளத்தாயிக்குத் தெரியாதா? வெத்திலை பாக்கு வச்சு, மனசைக் கல்லாக்கிக்கிட்டு, நீ உன் வீட்டுக்குப் போயிரு தாயின்னு சொல்லுறதுக்கு அவ முன்னால போயி உக்காந்தா. நான் பின்னால நின்னேன். அது வாயைத் திறந்துச்சு, நம்ம தமிழ்ல, நம்ம பிள்ளைங்க சொல்லுற மாதிரியே, “அம்மா, பசிக்குது”ன்னு சொல்லிச்சு. வெள்ளத்தாயி வெத்திலையைக் கீழ போட்டுட்டுச் சோத்துப் பானையை எடுக்க எழுந்துட்டா. பெத்த வயிறு என்ன செய்யும், யாரு அம்மான்னு கூப்பிட்டாலும் எழுந்துருது.

அப்ப தமயந்திதான் வேற கூரைக்குப் போகணும். புருஷன் வீட்டுக்கு முடியாது, வளை போட்டவ கைப்பிள்ளையோடதான் அந்த வாசல் மிதிக்கணும். டவுன் ஆஸ்பத்திரிக்கு முடியாது, மழையில மலை ரோடு சரிஞ்சு கிடந்துச்சு. லைன்ல ஒவ்வொரு வீட்டுலயும் சாக்கு சொன்னாங்க, எங்க வீட்டுல கூரை ஒழுகுது, எங்க வீட்டுல இடமில்லைன்னு; எல்லாருக்கும் அவ பின்னாலயே அது வந்துருமோன்னு பயம். தொரைதான் சொன்னாரு, பங்களா மாடி அறை காலியாத்தானே கிடக்கு, மழை ஒழுகாது, நர்சம்மாவையும் அங்கயே தங்க வைக்கிறேன்னு. நல்ல மனசோடதான் சொன்னாரு, பொய் சொல்லக் கூடாது. எனக்கு மட்டும் என்னமோ உறுத்தினுச்சு, வேண்டாம்டின்னு சொன்னேன். தமயந்தி என்னைப் பாத்து, “போறேன் அத்தை, அங்க நடக்கிறதுக்கு இடம் இருக்கு”ன்னு சொன்னா.

ஒரு மத்தியானம், மழை இருட்டிக்கிட்டு வந்து கொட்டின நேரத்துல, அங்க தமயந்திக்கும் இங்க தொரசாணிக்கும் ஒரே சமயத்துல வலி கண்டுச்சு. பட்லரு ஓடிவந்து சொன்னதும் வெள்ளத்தாயி தொரசாணியை என்கிட்ட விட்டுட்டு மகளைப் பாக்க ஓடினா. பங்களா ரோட்டுல அந்தக் குதிரை குறுக்க நின்னுச்சாம், வலது பக்கம் போனா வலது பக்கம், இடது பக்கம் போனா இடது பக்கம், மாரியாத்தா மாரியாத்தான்னு கத்திக்கிட்டே தேயிலைச் செடிக்குள்ள புகுந்து குச்சியில கிழிஞ்சு அவ போய்ச் சேர நேரமாயிருச்சு. இங்க நான் அந்தச் சீமைப் பொண்ணோட காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எத்தனையோ பிரசவம் பாத்தவதான் நான், அந்த மாதிரி அலறலைக் கேட்டதில்லை. எங்கயோ, கடலுக்கு அங்கிட்டு இருந்து வாற அலறல். கடைசியில பிள்ளை வந்துச்சு. பொட்டப்பிள்ளை. கையில ஏந்தினா வெதுவெதுன்னு இருந்துச்சு, மாநிறம், வீல்னு கத்திச்சு, உசிருள்ள பிள்ளை. நான் சந்தோஷத்துல அழுதுட்டேன்.

அவ தலையைத் தூக்கிப் பிள்ளையைப் பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா. அம்புட்டுத்தான், பாயில ஈரம் இருந்துச்சு, வளையல்கள் கிடந்துச்சு, வேப்பங்காப்பு அன்னைக்கு முறுக்கின பச்சையோட கிடந்துச்சு, ஆளு இல்லை. பக்கத்துல இருந்த அடுப்பு தன்னாலப் பத்திக்கிச்சு. அந்த வெளிச்சத்துலதான் நான் பிள்ளையைத் துடைச்சேன். காதுக்கு மேல, ஊசி குத்தின மாதிரி, சின்ன ஓட்டை ஒண்ணு இருந்துச்சு.

பிள்ளையைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு மழையில பங்களாவுக்கு ஓடினேன். மாடிப்படியில நர்சம்மா உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டிருந்தாங்க. நல்லா முக்கிக்கிட்டிருந்தவளுக்குச் சட்டுன்னு வலி நின்னுபோச்சாம், இடுப்பு வலிக்குது, கொஞ்சம் நடந்துட்டு வாரேன்னு கட்டிலை விட்டு இறங்கினாளாம், வயித்துல கை வச்சுப் பாத்தாக் கல்லு மாதிரி சில்லுன்னு இருந்துச்சாம். தமயந்தி வராந்தாவுல நடந்துக்கிட்டிருந்தா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஏழு மாச வயித்துக்கு அடியில ரெண்டு கையையும் கோத்துத் தாங்கிக்கிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமா. பால்பாண்டி ஓடிப்போய் அவளைக் கட்டிப் புடிச்சுத் தூக்கப் பாத்தான், வெறுங்காத்தைக் கட்டிக்கிட்டு நின்னான். வெள்ளத்தாயி தரையில உக்காந்து, கூட்டிப் பெருக்கின அதே தரையில உக்காந்து, மகளோட வளைச் சத்தம் வாறதையும் போறதையும் கேட்டுக்கிட்டிருந்தா. சங்கு ஊதி இருட்டு கட்டினதும் அதுவும் நின்னுபோச்சு.

கல்லு தண்ணி விடுறது அன்னைக்கே நின்னுச்சு. மணி அமைதியாச்சு, குதிரை பழையபடி ரோட்டோட போச்சு. கொஞ்ச காலத்துல விருந்தாளிங்களும் வந்தாங்க. சேலை கட்டின பேயின்னு இன்னும் அதிகமா வந்தாங்க. தொரை வெக்கப்பட்டுக்கிட்டு அவங்களை வேண்டாம்னுதான் சொன்னாரு, அப்புறம் கம்பெனி சொல்லிருச்சுன்னு விட்டுட்டாரு. நாங்களும் கொழுந்தை நிறுத்துப் போட்டுட்டு அண்ணாந்து ஒரு பார்வை பாத்துட்டு வீட்டுக்கு நடந்தோம். நம்ம தமயந்தியாச்சேன்னு கொஞ்ச நாள் நின்னு பாத்தோம். பழகிருச்சுன்னு சொல்லவே நாக்கூசுது, ஆனா பழகிருச்சு.

பழகாதவ ஒருத்திதான். பேத்தியை இடுப்புல வச்சுக்கிட்டு வெள்ளத்தாயி தினம் சாயங்காலம் வராந்தாவுக்குக் கீழ போயி நின்னு, வாம்மா நம்ம வீட்டுக்குப் போகலாம், வாம்மா நம்ம வீட்டுக்குப் போகலாம்னு கூப்பிடுவா, தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிடுவா. அது நடந்துக்கிட்டே இருக்கும். பிள்ளை நடக்க ஆரம்பிச்சு, பேச ஆரம்பிச்சு, அதுவும் சேந்து கூப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் ஒரு நாள் அந்தக் கால் நின்னுச்சு. நானும் பக்கத்துல நின்னேன், என் காதால கேட்டேன்.

“முதல்ல அவளைத்தானேம்மா கூப்பிட்ட,” தமயந்தி குனிஞ்ச தலையோட சொன்னா. “எனக்கு வளை போட்டப்ப நீ என்னைக் கூப்பிடவே இல்லையே.”

வெள்ளத்தாயி தன் வாயில தானே அறைஞ்சுக்கிட்டா, ரத்தம் வாற வரைக்கும். பொண்ணு ஏற்கெனவே வீட்டுல இருக்காளே, அவளை எங்க கூப்பிடுறதுன்னு காலையில விட்டுப்போன வார்த்தை. அது வீணாப் போகலை, சாயங்காலம் வேற ஒருத்திக்குப் போய்ச் சேந்துருச்சு. ஒரு வீட்டுல ஒரு தடவை போட்ட வளையைத் திருப்பிப் போட முடியாது. இனி வேற ஒரு வீட்டு அம்மா, தன் மகளுக்கு வளை போடுற அன்னைக்கு, தமயந்திக்கும் ரெண்டு வளையைப் போட்டு, கையைப் புடிச்சுக் கூப்பிடணும். கூப்பிட்டா வந்துருவா. அவ இறங்கி வந்தா மாடியில நடக்க யாரு போவான்னு கொழுந்துக் காட்டுல யாரும் வாய்விட்டுச் சொல்லுறதில்லை. லைன்ல வளைகாப்புன்னா இப்பெல்லாம் சத்தமில்லாம, கதவைச் சாத்திக்கிட்டு, சிலபேரு மலையை விட்டே இறங்கிப் போயி வச்சுக்கிறாங்க.

எம் மக வனிதாவுக்கு இது ஏழாம் மாசம். நேத்துத்தான் அவளை வளை போடக் கூட்டியாந்தேன், யாருக்கும் சொல்லலை. இன்னைக்குச் சங்கு ஊதி, விளக்குப் பொருத்தி வச்ச நேரத்துல வாசல்ல வந்து நின்னா வெள்ளத்தாயி. கையில தாம்பாளம், தாம்பாளத்துல பச்சையும் சிவப்புமா வளை, வேப்பங்கொழுந்து, குங்குமச் சிமிழ். முந்தானையைப் புடிச்சுக்கிட்டு அந்தக் குட்டி.

“ஒரே ஒரு வார்த்தைதான் மதினி”ன்னு சொன்னா. “நீதானே இவளைக் கையில ஏந்தின.”

குங்குமத்தைத் தொட்ட விரலை என் நெத்திக்கு நேரா நீட்டினா. குங்குமம் வச்சுக் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது, அது எங்களுக்குப் பொறந்ததுல இருந்து தெரியும், அவளுக்கும் தெரியும். நான் தலையைப் பின்னால இழுத்துக்கிட்டேன். அந்த விரல் அப்படியே நின்னுச்சு.

உள்ள அடுப்படியில இருந்து வனிதா, “யாரும்மா வாசல்ல?”ன்னு கேட்டா.

வெள்ளத்தாயி என் முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. குட்டியும் பாத்துச்சு.

“யாருமில்லடி”ன்னு சொன்னேன்.